மூச்சை விடுங்க அங்கிள்

நான் ஒரு அசடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம். நானே சொல்லிவிட்டால் அடக்கம் என்று எடுத்துக்கொள்வீர்கள். ஆற்றில் முங்கத் தெரிந்தவனுக்குக் கடலில் முங்குவது ஒரு விஷயமே இல்லை என்று ஐம்பது வயதைத் தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

எங்கள் ஊர் திருவிடைமருதூர் பக்கம். காவிரியிலிருந்து பிரியும் ஆறு ஒன்று ஊரை ஒட்டிப் போகிறது. அதன் பாலத்துக் கட்டைச்சுவரிலிருந்து குதித்து, யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வயதுப் பையன்களுக்கு ஒலிம்பிக். அதில் நான் ராஜா. படிப்பில் வராத முதலிடம் எனக்கு மூச்சடக்குவதில் வந்தது. முறை சுலபம். நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க வேண்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்க வேண்டும், அடியில் சேற்றைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இனிமேல் முடியாது என்றபோது தரையை ஒரு உதை உதைத்து மேலே வர வேண்டும். பாலத்தில் நிற்பவர்கள் "போயிட்டான்டா, அவ்வளவுதான்" என்று பதறுகிற வரைக்கும் நான் எழும்ப மாட்டேன்.

கல்யாணமான புதிதில் இந்த வித்தையை மனைவிக்குக் காட்டினேன். கரையில் அவளை நிற்கவைத்துவிட்டுக் குதித்தேன். கண்ணெல்லாம் சிவந்து, காதில் தண்ணீர் ஏறி, மூச்சு வாங்க மேலே வந்து, பாராட்டுக்காக அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அடியில என்னங்க இருந்துச்சு?" என்றாள்.

"சேறு."

"வேற?"

"வேறன்னா?"

"கண்ணைத் தெறந்து பாத்தீங்களா?"

"சேத்துக்குள்ள எவன் கண்ணைத் தெறப்பான்?"

"அப்பறம் எதுக்கு அம்மாம் நேரம் உள்ள இருந்தீங்க?"

காதில் ஏறிய தண்ணீரைத் தட்டிவிடுகிற சாக்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. அவள் பிறந்த வீட்டில் பெண்பிள்ளைகளுக்குப் படித்துறையின் கடைசிப் படிதான் எல்லை. ஒரு படி கூடுதலாக இறங்கினாலும், நடு ஆற்றில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கும் அண்ணன்மார் அங்கிருந்தே கத்துவார்கள். அதனால் தண்ணீருக்கு அடியில் இருப்பதெல்லாம் அவளுக்கு மூடி வைத்த பாத்திரம். திறந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளை விட்டுப் போகவே இல்லை.

போன வருஷம் தாளடி அறுவடை முடிந்த சமயம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதாம். அந்தமானில் ஒரு தீவில், கடற்கரையை ஒட்டிய ரிசார்ட்டில், எங்கள் இருவருக்கும் அறை போட்டுவிட்டாளாம். கடலுக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டுவார்களாம். சொல்லிவிட்டு ஒரு வீடியோவும் அனுப்பினாள். நீலமும் மஞ்சளுமாக மீன்கள், பூ மாதிரி விரிந்து சுருங்கும் ஏதேதோ ஜந்துக்கள். என் மனைவி அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

"நீச்சல் தெரியாதவங்களும் போலாம்மா, கூடவே ஒரு ஆள் கையைப் புடிச்சுக்கிட்டு வருவாங்க," என்றாள் மகள்.

என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்க கூட எறங்குனா நானும் எறங்குறேன். நீங்க இல்லாம மாட்டேன். வேத்து ஆளை நம்பி நான் தண்ணிக்குள்ள போவ மாட்டேன்."

"நான் இல்லாமலா? நம்ம ஆத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தெரியும்," என்று அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் டீக்கடையில் செய்தியை நானே வெளியிட்டேன்.

"அண்ணன் கடலுக்குள்ள போறாராம்ல?" என்றான் ஒருவன்.

"போறது சரி. வர்றது?"

"வருவாரு. வலையில வருவாரு."

"ஏன்டா," என்றேன், "பாலத்துலேர்ந்து குதிச்சு நான் உள்ள இருந்ததெல்லாம் மறந்துபோச்சா ஒங்களுக்கு?"

"மறக்கலண்ணே. ஆனா அப்ப ஒங்களுக்கு வயிறு இல்ல."

இந்தப் பேச்சு என்னைச் சுட்டுவிட்டது. பயிற்சி எடுப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் மேட்டூரை மூடியாகிவிட்டது, ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. ஆகவே எங்கள் போர்செட்டுத் தொட்டியில் இறங்கினேன். நேரம் பார்க்க மச்சினனைக் கூட்டிக்கொண்டேன். மனைவியின் தம்பி அவன். தினமும் சாயங்காலம் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவன் போனில் நேரம் பார்ப்பான்.

ஒரு நாள் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இதற்கு மேல் போனால் டீக்கடைக்காரர்கள் சொன்னது பலித்துவிடும் என்று தோன்றியபோது எழுந்தேன். மச்சினனைக் காணவில்லை. தூரத்தில் வரப்பில் நடந்தபடி, வைக்கோல் கட்டும் மிஷின்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம்டா?" என்று கத்தினேன்.

"எது மாமா?" என்றான்.

உளுந்துக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "என்னத்துக்கு இந்தப் பாடு? அங்கதான் மூச்சு விட குழாய் குடுப்பாங்களாம்ல?"

"குழாய் பாதியில நின்னுபோச்சுன்னா? கடலுக்கு அடியில மூணு பேஸ் கரண்டு எந்த நேரம் வரும், எந்த நேரம் போவும்னு யாருக்குத் தெரியும்?"

அவளுக்கே ஒரு நிமிஷம் நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மறுபடியும் குனிந்து களை பிடுங்கினாள்.

சென்னையில் விமானம் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து கப்பல் பிடித்துத் தீவுக்குப் போனோம். கப்பலில் இருந்தவர்களில் பாதிப் பேர் புதுக் கல்யாண ஜோடிகள். பெண்கள் கையில் மருதாணி சிவப்பு இன்னும் போகவில்லை. எங்களைப் பார்த்து, யாரையோ கொண்டுவிட வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

தீவில் கடலைப் பார்த்ததும் நான் பேசுவதை நிறுத்தினேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பூம்புகாரிலும் வேளாங்கண்ணியிலும் நாங்கள் பார்த்த கடல் வேறு. இது சோப்புத்தூள் விளம்பரத்தில் வரும் நீலம். முழங்கால் அளவில் நின்றால் கால் விரல் நகம் தெரிகிறது. என் மனைவி குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஆற்றில் முதல் தண்ணீர் வரும்போது செய்வது போலவே. பிறகு அந்தக் கண் எரிகிறது என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தால், கடலைக் காணவில்லை. காலையில் தென்னை மரத்தடி வரைக்கும் நின்ற தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. இடையில் பாறையும் பாசியும் சேறும். படகுகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. டெல்டாக்காரனுக்கு இதைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றும். அணையில் தண்ணீர் குறைந்தால், ஒரு ஆற்றை மூடிவிட்டு இன்னொரு ஆற்றில் விடுவார்கள் எங்கள் பக்கம். முறை வைப்பது என்று அதற்குப் பெயர்.

"மொற வச்சிட்டாங்களா?" என்றேன்.

"மேல எவனோ ஷட்டரை அடைச்சிருப்பான்," என்றாள் அவள், என்னைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு.

ரிசார்ட் வரவேற்பில் இருந்தவர் தமிழ் பேசினார். அவரிடம் போய், "தண்ணி எப்ப வுடுவாங்க?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். வாயிலிருந்து தானாக வந்த கேள்வி அது.

அவர், கடல் ஏறி இறங்கும் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, "ஆறு மணிக்கு வந்துடும் சார்," என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனை வருஷம் எத்தனை அதிகாரிகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்! ஒருவராவது மணி சொன்னது உண்டா? சாயங்காலம் நாங்கள் இருவரும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சொன்னபடி தண்ணீர் வந்தது. முதலில் பாறை இடுக்குகளில் நுரைத்து, பிறகு சின்னச் சின்ன வாய்க்காலாகக் கிளை பிரிந்து, ஒன்றையொன்று தொட்டுச் சேர்ந்து, படகுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு எங்கள் காலடிக்கு வந்தது. சுற்றிலும் புது ஜோடிகள் சூரிய அஸ்தமனத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சூரியனைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் வரும்போது எங்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

அடுத்த நாள் கயாக் என்கிற துடுப்புப் படகு. இருவர் உட்காரலாம். முன்னால் அவள், பின்னால் நான். துடுப்பை எப்படிப் போட்டாலும் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. இடப்பக்கம் சுற்றியதை நிறுத்த முயன்றால் வலப்பக்கம் சுற்றியது.

"இது என்ன கோயிலாங்க?" என்றாள் திரும்பாமலே. "இத்தனை சுத்து சுத்துறீங்க!"

கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் எழுந்து வணக்கம் சொல்லப் பார்த்தேன். படகு கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். லைப் ஜாக்கெட்டும் இருந்தது. நனைந்த தலையோடு அவள் சிரித்த சிரிப்பில், இன்னொரு முறை கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு.

கடலுக்கு அடியில் போவது கடைசி நாள் காலையில். மறுநாள் விடிந்ததும் கப்பல். ஆகவே அந்தக் காலையை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அன்றைக்கு அவள் எனக்கு முன்னால் எழுந்து, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். மகள் கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு சீக்கிரம் கிளம்பவில்லை.

எங்களுக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். என் மனைவிக்கு அவள் துணை. எனக்குத் துணை ஒரு நெட்டை மனிதர். தமிழ் தெரியாது. எதற்கும் சிரிப்பார்.

முதலில் ரப்பர் உடுப்பு. உளுந்து மூட்டையைத் தலையணை உறைக்குள் நுழைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நெட்டையர் என் முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து ஜிப்பை ஏற்றினார். பக்கத்தில் என் மனைவி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதைக் கழட்ட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போட்டு ஜிப்பை ஏத்துங்க ஆன்ட்டி. எங்கம்மாவும் அப்படித்தான்," என்றாள் அந்தப் பெண். பிறகு கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடியை மாட்டிவிட்டு, எங்கள் இருவரையும் நெஞ்சளவுத் தண்ணீரில் நிறுத்தினாள். "ஒரே ஒரு ரூல்தான். மூச்சை அடக்கவே கூடாது. வாயால இழுக்கணும், விடணும், இழுக்கணும், விடணும். அடக்குனா நுரையீரலுக்கு ஆபத்து. சம்ஜே?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தொட்டியில் நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பார்வையில் இருந்தது.

முதலில் அவள். குழாயை வாயில் வைத்தாள், தண்ணீருக்குள் முகத்தை விட்டாள், தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு குமிழ் குமிழாக மேலே வந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு கதை கேட்பவள் மாதிரி நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"சூப்பர் ஆன்ட்டி! இப்ப அங்கிள்."

நான் குழாயைக் கடித்தேன். தண்ணீர் மூக்குக்கு வந்ததுதான் தாமதம், நெஞ்சு தானாக நிறைந்து பூட்டிக்கொண்டது. கை மூக்குக்குப் போனது. மூக்கு கண்ணாடிக்குள் இருந்ததால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நிறைந்த காற்று என்னைக் காலி டின் மாதிரி மேலே தூக்கிவிட்டது.

"மூச்சை விடுங்க அங்கிள்!"

"விட்டேனே?"

"ஒரு குமிழ்கூட வரல அங்கிள்."

மறுபடியும் இறங்கினேன். இந்த முறை நெட்டையர் என் தோளை அமுக்கிக் கீழே இறக்கினார். மூச்சு விட வேண்டும், மூச்சு விட வேண்டும் என்று மனதுக்குள் ஜபித்தேன். ஆனால் கால் தரையில் பட்டதும், மூளையைக் கேட்காமலே அது ஒரு உதை உதைத்தது. பாலத்தடியில் பழகிய கால். நெட்டையரின் முகவாயில் என் தலை இடித்தது. அப்போதும் சிரித்தார், கொஞ்சம் குறைவாக.

அப்புறமும் பார்த்தோம். அந்தப் பெண் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், முதுகைத் தட்டிக்கொடுத்தாள், விரலால் இழு விடு என்று ஜாடை காட்டினாள். நெஞ்சு கேட்கவில்லை. கடைசியில் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பெண் மாதிரி சொன்னாள்: "அங்கிள், இன்னிக்கு உங்களுக்கு வேணாம். ஆழத்துல இப்படி அடக்கிட்டு மேல வந்தீங்கன்னா நான் ஜெயிலுக்குப் போகணும். ஆன்ட்டி மட்டும் வரட்டும்."

"நான் போவல," என்றாள் என் மனைவி.

"ஆன்ட்டி, நீங்க நல்லா பண்றீங்க."

"இல்லம்மா. அவுங்க இல்லாம நான் எறங்க மாட்டேன்." கரைக்கு நடந்தாள். மணலில் நின்று கழுத்துப் பக்கம் ஜிப்பைத் தேடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். "போவுதுங்க, வுடுங்க," என்றாள். "மீனுதானே? சட்டியில பாக்காததா?" சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்துவிடுவேன், வழக்கமாக. வாய் வரவில்லை. என் வாழ்நாள் பெருமை, ஒரு குழாயில் மூச்சு விடத் துப்பில்லாமல் அவளைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் திரும்பி, "ஏம்மா, நான் முங்காம மேலயே மெதந்துக்கிட்டு வரலாமா? இவ கீழ, நான் நேர் மேல?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "லைப் ஜாக்கெட் போட்டு, டியூபைப் புடிச்சிட்டு, மூஞ்சியை மட்டும் தண்ணில வச்சிட்டு வரலாம். அதுக்கு வேற குழாய். ஒங்களாலயும் முடியும்."

கடைசி வார்த்தையை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

மனைவியிடம் போனேன். "இந்தா பாரு. நீ நிமிந்து பாத்தா நான் தெரிவேன். ஒரு அடி அந்தாண்ட இந்தாண்ட நவுற மாட்டேன். பயமா இருந்தா மேல பாரு, கையாட்டுறேன்."

"மேலயே இருப்பீங்கல்ல?"

"வேற எங்க போறது? எனக்குத்தான் கீழ எடம் இல்லன்னுட்டாங்களே."

என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் தண்ணீரை நோக்கி நடந்தாள்.

அவர்கள் இறங்கினார்கள். நான் ஆரஞ்சு நிறத்தில் உப்பிப்போய், டியூபைக் கட்டிக்கொண்டு, குப்புற மிதந்தேன். நெட்டையர் கயிற்றால் டியூபை இழுத்துக்கொண்டு வந்தார், மாட்டை ஓட்டிப்போகிற மாதிரி. முகத்தை வைத்ததும் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கினேன். முதுகில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. விட்டேன். அதற்குப் பிறகு வந்தது மூச்சு.

கண்ணையும் திறந்து வைத்திருந்தேன். எனக்கு நேர் கீழே என் மனைவி போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்திருந்தாள். பின்னல் மட்டும் தலைக்கு மேலே நட்டுக்கொண்டு நின்று ஆடியது. வரிவரியாகச் சட்டை போட்ட மீன் கூட்டம் ஒன்று எதிரே வந்து, அவளுக்கு வழிவிடுகிற மாதிரி இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் ஒன்றானது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். பாறை மேல் விரிந்திருந்த ஒன்றைக் காட்டினாள், அதற்குள்ளிருந்து எட்டிப்பார்த்த சின்ன மீனைக் காட்டினாள், எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்கே காட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கொத்துக் குமிழ் குபுகுபுவென்று கிளம்பியது. பதறிப்போய்ப் பார்த்தால் அவள் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு அப்படியே மேலே ஏறி வந்து என் முகத்தில் மோதி உடைந்தது.

நான் கையை ஆட்டினேன். பிறகு இரண்டு கையையும் ஆட்டினேன். டியூப் நழுவியது, நெட்டையர் மறுபடியும் மாட்டிவிட்டார். பயந்துவிடப் போகிறாளே என்று காலையும் சேர்த்து ஆட்டினேன். கீழே ஒரு பெரிய பச்சை மீன் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது.

கரைக்கு வந்ததும் அவள் மணலில் உட்கார்ந்து, கண்ணாடி பதித்த வடு முகத்தில் வட்டமாகச் சிவந்திருக்க, அந்தப் பெண்ணின் கையை விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். "அந்த மஞ்சக் கலரு, மூஞ்சி நீட்டமா ஒண்ணு வந்துச்சே, அது ஆம்பளையா பொம்பளையா? அந்தச் செடி தொட்டா சுருங்குமா? ஏம்மா, ராத்திரில இதெல்லாம் எங்கம்மா தூங்கும்?" இருபத்தைந்து வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் டியூபோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை இரண்டும் கடுத்தது. கொஞ்சம் பெருமையோடு கேட்டேன்: "மேலேருந்து கையாட்டிக்கிட்டே வந்தேனே, எத்தனை தடவை பாத்தே?"

அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"ஒங்க நெனப்பே வரலீங்க."